சென்ட் குணம் பார்ப்பதில்லை

இனிப்பான பூ வாசனை மென்மையான, அடக்கமான பெண்களுக்குத்தான் பொருந்தும்; துணிச்சல்காரிகளுக்கு மர வாசனையோ தோல் வாசனையோதான் சரி என்கிறார்கள். கடையிலும் இதே பேச்சு, பத்திரிகையிலும் இதே பேச்சு. தவறு.

ஒன்று. மல்லிகை மென்மையானது என்று யார் சொன்னது? அதன் மணத்தில் இண்டோல் இருக்கிறது. மலத்திலும் இருக்கும் அதே சேர்மம். கொஞ்சமாக இருந்தால் பூ மணம், கூடினால் நாற்றம். நாலு முழம் மல்லியை மூடிய அறையில் வைத்துப் படுத்துப் பாருங்கள். விடிவதற்குள் தலை கனக்கும். இதுவா அடக்கம்?

இரண்டு. 1944இல் தோல் வாசனை தூக்கலான 'பாண்டி' என்ற சென்ட்டை உருவாக்கியவர் பிரான்சின் ஜெர்மேன் செலியே என்ற பெண். 1948இல் நிலச்சம்பங்கி பொங்கி வழியும் 'ஃப்ராகா'வை உருவாக்கியவரும் அவரேதான். இவருக்கு எந்தக் குணச்சீட்டை ஒட்டுவீர்கள்?

மூன்று. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மல்லிகை அத்தர் தடவிப் போகும் ஆண்களை நம் ஊரில் பார்த்ததே இல்லையா?

ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக் குணத்தை முடிவுகட்டி பாட்டிலை நீட்டுவது எனக்குக் கோபமூட்டுகிறது. பொருத்தத்தைத் தீர்மானிப்பவை தோல், வெயில், அளவு. மணிக்கட்டில் ஒருமுறை அடியுங்கள். தேய்க்காதீர்கள். முதலில் எழும் நெடி பறந்துபோக அரை மணி நேரம் விடுங்கள். பிறகு முகருங்கள். பிடித்தால் வாங்குங்கள்.