ஒரு 'பேஸ்' போனால் மோட்டார் கருகும்!
கணியம்பாடி:
வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் மோட்டார் வைத்து தொழில் நடத்துவோருக்கு, மின்வெட்டைவிட பெரிய எதிரி அரைகுறை மின்சாரம்தான்.

கரண்ட் அடியோடு போனால் மோட்டார் நின்றுவிடும், சேதமில்லை. மூன்று 'பேஸ்'களில் ஒன்று மட்டும் போனால்? ஓடுகிற மோட்டார் நிற்காது. மற்ற இரண்டிலும் கரண்ட் எகிறும். காயில் கருகும்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் டிரம் நின்றால் உள்ளே கிடக்கும் தோல் பாழாகலாம். கழிவுநீர் நிலைய மோட்டார் கருகினால் பாலாற்றுக்கே ஆபத்து. தோல் கழிவைச் சுத்திகரிக்காமல் விடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

'சிங்கிள் பேஸ் பிரிவென்டர்' இருந்தால், ஒரு பேஸ் போனதுமே மோட்டாரை நிறுத்திவிடும். 'அடிக்கடி நிறுத்துதே' என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு!

கம்பத்தில் பியூஸ் போடுவது மின்வாரியத்தின் வேலை. மோட்டாரைக் காப்பது முதலாளியின் வேலை. கருகினால் கூலி போவது தொழிலாளிக்கு!