3,400 மீட்டர் ஆழத்தில்
மாமல்லபுரம் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் விமானச் சத்தத்துக்குத் தலை நிமிர்வதில்லை. எனக்கு மட்டும் கண் தானாக மேலே போகிறது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு இந்த வங்கக் கடலுக்கு மேல்தான் மறைந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. வாரக்கணக்கில் துழாவியும் ஒன்றும் அகப்படாமல், செப்டம்பரில், எல்லோரும் இறந்துவிட்டதாகக் ‘கருதப்படுவதாக’ வீடுகளுக்குத் தகவல் போனது. அந்த ஒரு சொல் என்னை இன்னும் அறுக்கிறது. அதை நம்பி எப்படிப் படத்துக்கு மாலை போடுவது, எந்த நாளில் திதி கொடுப்பது? கடலுக்குப் போன ஆள் திரும்பாத மீனவர் வீடுகளுக்கு இந்தத் தவிப்பு தெரியும்; வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார்கள். 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தென்பட்டதாக அறிவித்தார்கள். படமெடுத்தது தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி. ஏழரை ஆண்டுகள்! 2015இல் இதே கடலில் விழுந்த கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானத்தை ஒரு மாதம் போலத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். நீருக்கடியில் ஒலியெழுப்பி இடம் காட்டும் கருவி அதில் இருந்தது. கையில் அடங்கிவிடும் சின்ன உருளை அது. தாம்பரத்திலிருந்து கிளம்பிய விமானத்தில் அது பொருத்தப்பட்டிருக்கவில்லை.