காதுக்கு ஒரு வாட் போதும்!

“சவுண்டு இல்லாம என்ன ஸார் பாட்டு?”

வீட்டில் ஸ்டீரியோ செட் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் கேட்கிற கேள்வி இது. ஹாலில் பாட்டுப் போட்டால் சமையலறையில் குக்கர் விசில் கேட்கக் கூடாது. அப்போதுதான் அது ‘நல்ல செட்’!

இசைத்தட்டு மோகம் வேறு திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் சி.டி.க்களை விட இசைத்தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. நம் ஊரிலும் பரணில் கிடந்த அப்பா காலத்து ரெக்கார்டுகளை இறக்கித் தூசி தட்டுகிறார்கள். சந்தோஷம். பாதிப் பாட்டிலேயே அடுத்ததற்குத் தாவுகிற இந்தக் காலத்தில், ஒரு பக்கம் முடியும் வரை இருபது நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பது மனசுக்கு நல்லதுதான். ஆனால் செட் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, “எத்தனை வாட்ஸ்?” எனக்கு ஆட்சேபணையே அங்கேதான் ஆரம்பம்.

கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்படாதீர்கள். வீட்டில் வைக்கிற சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபல் வரை சத்தம் வரும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. ஆக, ஹாலில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட்டே தாராளம். 50 வாட்ஸ் செட்டை மாற்றி 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறோம். கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். (1990-களில் அட்டைப்பெட்டியில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்றார்களே, அது கண் சிமிட்டும் நேரத்துக்குக் கூட நிற்காத உச்சக் கணக்கு. அதை நம்பி வாங்காத வீடு உண்டா?)

வேடிக்கை என்னவென்றால், அந்த 3 டெசிபலை நம் காது பெரிசாகக் கண்டுகொள்ளாது. உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்களோ அதை இரட்டைச் சுமையாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் தொழிலாளர்களுக்கு வகுத்த அளவு இது: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், 88 என்றால் 4 மணி நேரம், 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். இசை கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இன்னும் கறார்: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்.

உள்காதில் பிறக்கும்போது ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. போனால் போனதுதான். மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பாட்டு நின்றதும் காதில் ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம், பக்கத்தில் இருப்பவர் பேசுவது பஞ்சு வைத்து அடைத்த மாதிரி கேட்பது... இதெல்லாம் காது கொடுக்கிற எச்சரிக்கை. காலையில் சரியாகிவிட்டது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

வால்யூமை ஏன் ஏற்றுகிறோம்? முரட்டு ஆசை மட்டும் காரணமில்லை. மெதுவாக வைத்தால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போகிறது; பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறது. இது உண்மை. சத்தம் குறையும்போது அடித்தள ஒலிகள் மற்றவற்றை விட வேகமாக மங்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் பல ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. மெதுவாகக் கேட்கும்போது அதைத் தட்டிவிடுங்கள், அல்லது பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மொத்த வால்யூமையும் ஏற்ற வேண்டியதில்லை.

அடுத்தது நம் வீட்டு ஹால். மொசைக் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ். ஒரு ஸ்பீக்கர் டி.வி. பக்கத்தில், இன்னொன்று பீரோ தலையில்! எதிரொலியில் பாட்டு வரிகள் குழம்பும். வால்யூமை ஏற்றினால் எதிரொலியும் கூடவே ஏறும். ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஆறேழு அடி தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். கிட்டத்தட்ட அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். தரையில் ஒரு கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் திரைச்சீலை. பாதிச் சத்தத்திலேயே வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். செலவும் ஆம்ப்ளிஃபயர் விலையில் வராது.

ரெக்கார்டுக்காரர்கள் ஊசியை மறந்துவிடுகிறார்கள். வைர ஊசியின் ஆயுள் 500 முதல் 1000 மணி நேரம். தினம் ஒரு எல்.பி. கேட்டால் இரண்டிலிருந்து நாலு வருஷம். தேய்ந்த ஊசியில் ‘ச’, ‘ஸ’ எல்லாம் கீச்சென்று சிதறும். ஊசி துள்ளுகிறது என்று ஆம் மேல் காசு வைப்பது தப்பு. தட்டு தேயக் கூடாது என்று எடையை ரொம்பக் குறைப்பதும் தப்பு. ஊசி தடுமாறிப் பள்ளத்தைக் கிழித்துவிடும். கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன எடைதான் சரி. சாதாரண மேக்னெட் வகைக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை கிராமுக்குள் இருக்கும்.

இன்னொரு ஆபத்து. டர்ன்டேபிளை ‘ஃபோனோ’ துளையில் செருகாமல் வேறு துளையில் செருகினால் சத்தம் ஈனஸ்வரத்தில் வரும். உடனே வால்யூமை முக்கால்வாசி திருப்பி வைப்பார்கள். பிறகு யாராவது செல்போன் பாட்டுக்கு மாற்றினால்... பக்கத்தில் விளையாடும் குழந்தையின் காது என்ன ஆகும்? மாற்றும் முன் வால்யூமை அடியோடு குறைப்பதை வீட்டு வழக்கமாகவே ஆக்குங்கள். ஸ்பீக்கரை ஒட்டிக் குழந்தைகளை உட்கார விடாதீர்கள்.

கேட்கக் கேட்கக் காது மரத்துப்போகும். கை தானாகக் குமிழுக்குப் போகும். அதனால் முதல் பாட்டிலேயே அளவை முடிவு செய்யுங்கள். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? அந்த இடத்தில் குமிழுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். அதைத் தாண்டக் கூடாது, விருந்தாளி வந்தாலும் சரி.

கடைசியாக, தாத்தா விஷயம். “அவர் ஒருத்தருக்காக வீடே அதிருது” என்று மருமகள் முணுமுணுக்கும் வீடுகள் உண்டு. பாவம், அவர் அடம் பிடிக்கவில்லை. வயதானால் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் போகும். குரல் கேட்கும், வார்த்தை புரியாது. வால்யூம் ஏற்றினால் மற்றவர்கள் காதும் கெடும். அவருக்கு வார்த்தை அப்போதும் தெளியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலேயே ஆடியோகிராம் எடுக்கிறார்கள். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்; சில சமயம் அதை எடுத்தாலே போதும். ஹியரிங் எய்ட் தேவைப்பட்டால், “இசை கேட்பதற்கும் அனுசரித்துக் கொடுங்கள்” என்று சொல்லி வாங்குங்கள். பேச்சுக்கு மட்டும் அமைத்த கருவியில் வயலின் தகரம் மாதிரி கேட்கும். அவரும் இரண்டே நாளில் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுவார்.