ரெண்டு ஆம்ப் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ரொம்ப நாளா பதிவு போடலை. காரணம், வழக்கமான ஆடியோ கிறுக்குதான் :-)

போன போனஸ்ல இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். "ஸ்பீக்கர் பின்னாடி நாலு டெர்மினல் இருக்கே சார், ஊஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப் கொடுங்க, பிரமாதமா இருக்கும்"னார் கடைக்காரர். பை-ஆம்பிங்னு பேர். ஓரிக்கை வீட்டுல மாட்டி, அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சேன். நாற்பது வருஷம் பட்டுத்தறியில உட்கார்ந்தவர். ரெண்டு பாட்டு கேட்டுட்டு, "முன்னாடியும் இப்படித்தான்டா இருந்துச்சு"ன்னுட்டார். கோவம் வந்தது. யோசிச்சா அவர் சொன்னதுதான் சரி.

ஏன்னா பெட்டிக்குள்ள இருக்கிற பாஸிவ் கிராஸ்ஓவர் அப்படியே இருக்கு. ரெண்டு ஆம்புக்குள்ளயும் முழுப் பாட்டும் போகுது. பிரிக்கிறது பழைய காயிலும் கெபாசிட்டரும்தான். சுமை கொஞ்சம் பங்காகும். ஆனா பெரிய பேஸ் அடி வந்து ஊஃபர் ஆம்ப் திணறினா, ட்வீட்டர் ஆம்பும் சேர்ந்தே திணறும்.

ஆக்டிவ்ல ஆம்புக்கு முன்னாடியே சிக்னலைப் பிரிச்சிடறாங்க. ஆம்ப் நேரா ஊஃபரைப் பிடிக்கும், நடுவுல காயில் கிடையாது. பேஸ் திணறினாலும் ட்வீட்டருக்குத் தெரியாது. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் இதைப் பத்தி 1976லயே கட்டுரை எழுதிட்டார். திருவிழாக் கச்சேரிக்கு வர்ற சவுண்ட் சர்வீஸ்காரங்க ரேக்ல இருக்கிறதும் இந்த சமாச்சாரம்தான்.

அப்பாவுக்கு விளக்கினேன். சட்டுன்னு பிடிச்சுக்கிட்டார். "கோர்வைச் சேலை மாதிரி. உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. நெசவு முடிஞ்சப்புறம் கரையைப் பிரிக்க முடியுமா?"

இன்ஜினியரிங் காலேஜ்ல இப்படி யாரும் சொல்லித் தரலைங்க!

அதுக்காக உடனே பெட்டியைப் பிரிச்சு கிராஸ்ஓவரைப் பிடுங்கிடாதீங்க. ட்வீட்டர் அளவு, பெட்டியால வர்ற குறைன்னு வடிவமைச்சவர் பண்ணின திருத்தமெல்லாம் அதுலதான் இருக்கு. அளவு மைக் இல்லாம அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தவிர, நேரா ஆம்ப்ல மாட்டின ட்வீட்டருக்கு, ஆன் பண்றப்ப வர்ற ஒரு 'டொப்' போதும், கருகிடும். காவலுக்கு ஒரு கெபாசிட்டர் வேணும்.

என் கட்சி இதுதான்: ஒண்ணு, அளக்கக் கத்துக்கிட்டு முழுசா ஆக்டிவ்ல இறங்குங்க. இல்லைன்னா ஆம்ப் உள்ளேயே வெச்சு வர்ற ஆக்டிவ் ஸ்பீக்கரை வாங்குங்க. ரெண்டும் வேணாம்னா ஒரே ஒரு நல்ல ஆம்ப் போதும். ரெண்டாவது ஆம்ப் என்னை மாதிரி ஆளுக்கு தண்டம்.

அது இப்ப அம்மா சீரியல் பார்க்கிற டிவிக்குப் போயாச்சு. அவங்களுக்கு சந்தோஷம்.

பாஸிவ் பை-ஆம்பிங்ல வித்தியாசம் கேட்டவங்க பின்னூட்டத்துக்கு வாங்க. கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டீங்களான்னு மட்டும் சொல்லிடுங்க!