காலிச் சுருள்தானே!

என் பழைய மாணவன் ஒருவன் வெளிதேசத்திலிருந்து வந்தபோது எனக்கென்று ஐந்து போட்டோ பிலிம் சுருள்கள் வாங்கி வந்தான். துணிமணிகளுக்கு நடுவே பெரிய பெட்டியில் வெகு ஜாக்கிரதையாக வைத்துக் கொண்டு வந்ததாகச் சொன்னான். அவற்றில் ஒன்றைக் காமிராவில் மாட்டி, என் தகப்பனாரின் சதாபிஷேகத்தன்று முப்பத்தாறு படங்கள் எடுத்தேன். கழுவிப் பார்த்தால், எல்லாப் படங்களிலும் சாம்பல் நிறப் பட்டை அலை அலையாகப் படர்ந்திருந்தது! படத்தை வாங்கிப் பார்த்த தகப்பனார், "என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்த வைபவம் இனித் திரும்பி வருமா?

மாணவனைக் குறை கூறுவதற்கில்லை. "காலிச் சுருள்தானே, அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது?" என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் படம் பிடிக்காத பிலிம் வெறுமையானதன்று, வெளிச்சத்துக்காகக் காத்திருப்பது. அதன்மேல் பூசியுள்ள வெள்ளி உப்பு, சூரிய ஒளியை மட்டுமின்றி எக்ஸ்-ரே கிரணத்தையும் ஏற்றுக்கொள்ளும். 1896-ல் பெக்கெரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கறுப்புக் காகிதத்தில் பொதிந்த போட்டோத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்தார். இருட்டிலேயே தகடு கறுத்துப் போயிற்று. கண்ணுக்குப் புலப்படாத கிரணங்களைக் காட்டிக் கொடுத்த அதே குணந்தான் விமான நிலையத்தில் நமக்கு விரோதமாகிறது.

பெரிய பெட்டிகளைச் சோதிக்கும் யந்திரங்களின் கிரணம் மிக வலிது. ஆகையால் பிலிமை ஒருபோதும் அவற்றில் வைக்கலாகாது. கைப்பையிலேயே கொண்டு செல்ல வேண்டும். கைப்பைகளைச் சோதிக்கும் பழைய மாதிரி யந்திரத்தில் ஓரிரு முறை சென்றால் சாதாரணப் பிலிமுக்கு அதிகத் தீங்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பட்டதும் சேர்ந்துகொண்டே போகும். வேகம் 800-க்கு மேற்பட்ட பிலிம் இன்னும் மென்மையானது. இப்போது பல நிலையங்களில் வந்துள்ள சி.டி. யந்திரமோ பையைச் சுற்றிச் சுற்றிக் கிரணம் பாய்ச்சுவது; அதில் ஒரே முறை சென்றாலும் பிலிம் பழுதாகலாம்.

பின் என்ன செய்வது? சுருள்களைத் தெளிவான பையொன்றில் தனியே போட்டு, "இதைக் கையால் பார்த்துக் கொடுங்கள்" என்று உத்தியோகஸ்தரைப் பணிவுடன் கேட்க வேண்டும். அமெரிக்காவில் அவ்வாறு கேட்க இடமுண்டு. எல்லா நாடுகளிலும் இணங்குவார்கள் என்பதற்கில்லை. அதனால் சற்று முன்னதாகவே போய்ச் சேருவது நலம். ஈயப் பையை நம்பிப் பயனில்லை. உள்ளே இருப்பது தெரியாவிட்டால் சந்தேகம் கொண்டு மறுபடியும் சோதிப்பார்கள். கூடுமானால் போகிற ஊரிலேயே பிலிம் வாங்கி, அங்கேயே கழுவிக்கொண்டு திரும்பலாம். கழுவிய பிலிமை எக்ஸ்-ரே ஒன்றும் செய்யாது.

1960-ல் சர்க்கார் நிறுவிய உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் சுதேசிப் பிலிம் செய்து தந்தது. இன்று அது மூடிக் கிடக்கிறது. மலையிலிருந்து ரயிலில் இறங்கி வந்த சுருளுக்கு இந்தப் பயமெல்லாம் இருந்ததில்லை. இப்போது கடல் கடந்து வருவதைக் காப்பாற்றிக்கொள்ளவாவது நாம் அறிந்திருக்க வேண்டாமா?

மிச்சமிருக்கும் நான்கு சுருள்களை இன்னும் வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குப் பாடம் நடத்த அவை போதும்.