குறி தப்பினால் பேரல்தான் குற்றவாளியா? ஜெர்மனியை உலுக்கிய ஜி36 துப்பாக்கி விவகாரம்

புத்தம் புதுத் துப்பாக்கி. பேரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சுட்டுப் பார்த்தால் தோட்டாக்கள் இலக்குத் தாளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறுகின்றன. ‘பேரல் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்’ என்கிறார் வாங்கியவர். ‘பேரலில் குறையே இல்லை, சுடுகிற கையைப் பாருங்கள்’ என்கிறார் விற்றவர். இப்படி ஒரு தனிநபர் கடைக்காரரோடு மல்லுக்கட்டினால் அது உள்ளூர் விவகாரம். ஒரு நாட்டின் ராணுவமே மல்லுக்கட்டினால்? ஜெர்மனியில் நடந்தது அதுதான்.

என்ன நடந்தது?

ஓபர்ன்டார்ஃப் நகரில் உள்ள ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் தயாரித்த ஜி36 ரைஃபிளை, 1990-களின் இரண்டாம் பாதியில் ஜெர்மனி ராணுவம் ஏற்றுக்கொண்டது. பழைய ஜி3 கனமானது, இது இலகுவானது. உலோகத்துக்குப் பதிலாக உடல்பகுதி பிளாஸ்டிக்கில் வந்தது. பேரல் அந்த உடல்பகுதிக்குள் பொருத்தப்பட்டிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வாங்கப்பட்டன. பல ஆண்டுகள் பெரிய புகார் எதுவும் எழவில்லை.

பிறகு ஆப்கானிஸ்தான் வந்தது. அங்கே வெயிலும் அதிகம், நீண்ட துப்பாக்கிச் சண்டைகளும் அதிகம். தொடர்ந்து சுட்டுச் சூடேறினால் ஜி36-ன் குறி விலகுகிறது என்ற செய்தி 2012-ல் ஜெர்மன் பத்திரிகைகளில் வெளியானது. நிறுவனம் மறுத்தது. பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கட்டத்தில், கோளாறு துப்பாக்கியில் இல்லை, குறிப்பிட்ட வகைத் தோட்டாவில்தான் என்றது.

யார் சொல்வது சரி? இதற்குப் பதில் தேடும் முன், ஒரு துப்பாக்கி ‘சரியாகச் சுடவில்லை’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மூன்று குண்டு போதுமா?

துல்லியத்தை அளக்க, ஒரே இடத்தைக் குறிவைத்துச் சில முறை சுட்டு, தாளில் விழுந்த ஓட்டைகளுக்கு இடையே உள்ள அதிகபட்ச தூரத்தை அளக்கிறார்கள். பலரும் செய்கிற தப்பு, மூன்றே குண்டுகளைச் சுட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே கை. மூன்றுக்குப் பதில் பத்து முறை சுட்டால், அந்த இடைவெளி சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். எதுவும் கெட்டுப்போகவில்லை, மாதிரி பெரிதானது, அவ்வளவுதான். ஆபீஸில் இரண்டு நாள் டேட்டாவை வைத்து வரைபடம் போட்டுவிட்டு ‘டிரெண்ட்’ என்று சொல்பவர்களுக்கு இது புரியும்.

அடுத்தது, சந்தேகப் பட்டியலை ஒவ்வொன்றாகக் குறைப்பது. மனிதக் கையை விலக்கத் துப்பாக்கியை ஒரு தாங்கியில் இறுக்கிச் சுட வேண்டும். ஸ்கோப் தளர்ந்திருக்கிறதா, பேரலைக் கட்டையோடு பிணைக்கும் ஸ்க்ரூ சரியாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல புகார்கள் இந்த இடத்திலேயே, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு முடிந்துவிடும். அதிலும் தீரவில்லை என்றால் தோட்டாவை மாற்ற வேண்டும். ஒரே பேரல் ஒரு பேட்ச் தோட்டாவை அழகாகச் சுடும். வேறொரு பேட்ச்சைச் சிதறடிக்கும். அதனால்தான் போட்டிகளில் சுடும் வீரர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தோட்டாத் தயாரிப்பாளரின் சோதனைக் கூடத்துக்கே போய், பேட்ச் பேட்ச்சாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

பேரலின் முறை கடைசியில்தான் வருகிறது. தோட்டா வெளியேறும் முனையில் சின்னப் பிசிறோ நசுங்கலோ இருந்தால், பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். உள்ளே மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தால் வரிப்பள்ளங்களில் உள்ள கரடுமுரடும், படிந்த செம்பும் தெரியும். கண்ணுக்கே தெரியாத குறையும் உண்டு. தயாரிப்பின்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம், சூடேறும்போது பேரலை மெல்ல வளைக்கும். முதல் சில குண்டுகள் சரியாக விழும், பிறகு ஒரே திசையில் நகர ஆரம்பிக்கும்.

பேரலும் நல்லது, தோட்டாவும் நல்லது, ஜோடி மட்டும் பொருந்தாத கதைகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் எம்16 ரைஃபிளில் முதலில், 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் தோட்டாவைச் சுழற்றும் பேரல் இருந்தது. கடும் குளிரில் காற்று அடர்த்தியாகும்போது அந்தச் சுழற்சி போதாமல் தோட்டா தள்ளாடியது. 1960-களின் தொடக்கத்தில் அதை 12 அங்குலமாக மாற்றினார்கள். பின்னால் நீளமான புதிய தோட்டா வந்தபோது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவைப்பட்டது. 12 அங்குலப் பேரலில் அந்தப் புதிய தோட்டாவைச் சுட்டுவிட்டு ‘பேரல் கோளாறு’ என்றால் அது அநியாயம்.

கேட்காத கேள்வி

ஜி36-க்கு வருவோம். வழக்கமான சோதனைகளில் அது தேறியது. கோளாறு தெரிந்தது சூட்டில்தான். அரசு ஆய்வகங்களும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு மையமும் சேர்ந்து செய்த சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. சூடேறினால் ஜி36-ன் துல்லியம் சரிகிறது. தோட்டாவும் ஒரு காரணம், ஆனால் தோட்டா மட்டுமே காரணம் இல்லை என்றது அறிக்கை. ‘இப்போதைய வடிவில் இந்தத் துப்பாக்கிக்கு ராணுவத்தில் எதிர்காலம் இல்லை’ என்று அறிவித்தார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா வான் டெர் லேயன். இன்று ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருப்பவர் இவரே. அதே ஆண்டு இன்னொரு விசாரணைக் குழு, இந்தக் குறையால் எந்த ஜெர்மன் வீரரும் இறந்ததாகவோ காயப்பட்டதாகவோ ஆதாரம் இல்லை என்றது.

அமைச்சகம் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டது. நிறுவனமோ, தனக்குப் பொறுப்பில்லை என்று அறிவிக்கக் கோரித் தானே கோப்லென்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டம்பரில் ஜெயித்தது நிறுவனம். ஒப்பந்தத்தில் கேட்டது எதுவோ அதைக் கொடுத்தாகிவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நீதிமன்றம் ஜி36 துல்லியமானது என்று சொல்லவில்லை. வாங்கும்போது கேட்காத ஒன்றைப் பின்னால் குறை என்று சொல்ல முடியாது என்றது. ஐரோப்பாவைக் காக்கும் போரை மனதில் வைத்து எழுதிய தேவைப் பட்டியலோடு வாங்கிய ஆயுதம், ஆப்கானிஸ்தான் வெயிலில் சோதிக்கப்பட்டது. பட்டியலை எழுதியவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். சூடான பேரலைப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு ஆட்கள். நிறுவனத்தை மட்டும் திட்டுவது சுலபம். ‘தொடர்ந்து இத்தனை குண்டு சுட்ட பிறகும் குறி இவ்வளவுக்குமேல் விலகக் கூடாது’ என்று ஒரு வரி எழுதாமல் விட்ட அரசுக்கும் அந்தத் திட்டில் சரிபாதி போக வேண்டும்.

மாற்றுத் துப்பாக்கிக்கான போட்டியும் நேராகப் போகவில்லை. 2020-ல் ஹேனல் நிறுவனம் தேர்வானது. காப்புரிமைப் பிரச்சினையால் சில வாரங்களிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் ஒப்பந்தம் போய்ச் சேர்ந்தது அதே ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்திடம்தான்.