ஒரு மிடறு போதாது

பியரையும் சைடரையும் ஒரு மிடறு பருகிவிட்டு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கம் ஆர்வலர்களிடம் வேரூன்றிவிட்டது. அந்த ஆர்வம் நல்லதுதான். அளவுகோல்தான் சில பானங்களுக்கு அநியாயம் செய்கிறது. இப்படித் திரண்ட பட்டியல்களின் உச்சியில் பலமுறை இடம்பிடித்தது, பெல்ஜியத்தில் சின்ட்-சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்விளெட்டெரென் 12. ஆல்கஹால் 10.2 சதவீதம். அருமையான பியர், சந்தேகமில்லை. ஆனால் அதன் அக்கம்பக்கத்தில் இருப்பவையும் பெரும்பாலும் அதேபோல் கனத்த, வீரியம் கூடிய பியர்களே. இங்கிலாந்தின் மைல்ட் வகையை அங்கே காண்பது அரிது. ஏறத்தாழ மூன்றரை சதவீத ஆல்கஹால், மெல்லிய வறுத்த மால்ட் வாசம், அடங்கிய கசப்பு. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துக் களைத்தவர்கள் தாகம் தீரக் குடித்த பியர் அது. ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, வெறும் சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஊறுகாய்தான் ஜெயிக்கும். சோற்றின் அருமை இலை காலியாகும்போதுதான் தெரியும்.

சைடரில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் சைடர் ஊற்றுபவர் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். மறுகையில் அகன்ற கண்ணாடிக் குவளை இடுப்புக்குக் கீழே சாய்ந்திருக்கும். நூல்போல் இறங்கும் சைடர் குவளையின் உள்விளிம்பில் மோதி நுரைக்கும். இரண்டு விரற்கடை அளவுதான் ஊற்றுவார்கள். நுரை அடங்குமுன் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். அந்த மோதலில்தான் அடங்கிக் கிடந்த வாயு எழும்பி மணம் விரிகிறது. 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்தச் சைடர் பண்பாட்டைத்தான். அதே சைடரை ஒயின்போல் நிதானமாக ஊற்றி, அரைமணி நேரம் வைத்து உறிஞ்சினால் சப்பென்ற புளிப்பே மிஞ்சும். அதை நம்பிப் போட்ட மதிப்பெண் அந்தச் சைடரைப் பற்றி எதைச் சொல்லும்?

ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் பிழைகள் கரைந்துவிடும் என்பார்கள். ஆளுக்கொரு பிழை என்றால் கரையும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும். அப்படியானால் நிறையக் குடிக்கச் சொல்கிறீர்களா என்றும் கேட்கலாம். இல்லை. மூன்றரை சதவீத மைல்டில் ஒரு முழு பைன்ட், அதாவது 568 மில்லி குடித்தாலும், உள்ளே போகும் ஆல்கஹால் அந்த மடத்து பியர் 200 மில்லியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவுதான். குறை கண்டுபிடிக்க ஒரு மிடறு போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்: வெயில் பட்டுக் கெட்ட பியரின் நாற்றமும், காடியாகத் திரும்பிய சைடரும் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். நிறைவைக் காண அது போதாது. எந்தக் குளிர்ச்சியில், எவ்வளவு, எதனோடு குடித்தார் என்பதை எழுதி, ‘பைன்ட் முடியும்வரை சலிக்கவில்லை’ என்று ஒருவர் சேர்த்திருந்தால், அந்த மைல்டைத் தேடிப் போக எனக்கு அது போதும்.